தாக்கலும் ஒறம்பரையும்

வா கண்ணு, சித்தெ உக்காரு. காப்பி குடி. அந்த லேப்டாப்பையும் பக்கத்துலயே உக்கார வை. அதுக்கும் ஒரு டம்ளர் கொண்டாரச் சொல்லட்டுமா? கட்டிக்கிட்டவளைக்கூட நீ இப்படிப் போற எடத்துக்கெல்லாம் கூட்டிக்கிட்டுத் திரிஞ்சதில்லை.

போன மாசம் கம்பெனியில புது சாப்ட்வேருக்குப் பூஜை போட்டே. மானிட்டருக்குச் சந்தனம் வெச்சு, எலுமிச்சம்பழம் சுத்தி, எல்லாத்துக்கும் கேசரி குடுத்தே. என்ன வெலைடான்னு கேட்டேன். “அது செலவில்லீங் அப்பிச்சி, இன்வெஸ்ட்மென்ட்டு”ன்னே. வெலையைக் கேக்கறப்ப வேற வார்த்தை வந்தா, நெம்ப வெலைன்னு அர்த்தம். போவட்டும். உன் காசு, உன் பேங்க்குக் கடன்.

அப்பறம் என்னை ஏசி ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயிச் சொவத்து அகலத்துக்கு ஒரு டிவியைக் காட்டினே. மில்லுல இருந்து நூலு பொறப்படறதுல ஆரம்பிச்சுத் தூத்துக்குடியில கன்டெய்னர் கப்பலேறற வரைக்கும் அத்தனையும் இதுலயே தெரியும்னே. சப்ளை செயின் பூரா உன் உள்ளங்கையிலன்னே. பச்சைக் கட்டம்னா வேலை சரியா நடக்குது, மஞ்சள்னா இழுக்குது, செவப்புன்னா கெட்டுச்சு. அன்னிக்குச் சொவரு பூராப் பச்சை. மழை பேஞ்சு ஒரு வாரங் கழிச்சுச் சோளக்காட்டைப் பார்த்தாப்புல எனக்கே மனசு குளுந்துபோச்சு.

ஆனா கெழவன் கால் சும்மா இருக்குமா? சாயங்காலமா டிவிஎஸ் 50-யை எடுத்துக்கிட்டு, உன் துணி கெடக்கற சாயப்பட்டறைக்குப் போனேன். நேவி புளூ, முப்பதாம் நம்பர் நூலு, சிங்கிள் ஜெர்சி. உன் டிவியில அது ‘சாயம் முடிஞ்சுது’ன்னு பச்சையா இருந்துச்சு. அங்க போனா ரோலெல்லாம் மூலையில கோராவாவே அடுக்கிக் கெடக்குது. மேல சொருகி விட்ட டெலிவரி சலான்கூட அசையலை. ஒரு பூனை அதும்மேல குட்டியோட படுத்திருக்குது. நீ கேட்டது நீலம், டிவி காட்டறது பச்சை, துணி கெடக்கறது வெள்ளை. ஒரே ஆர்டர்ல மூணு கலரு காட்டறதுக்கு உன்னாலதாங் கண்ணு முடியும்.

அங்க கம்ப்யூட்டர்ல பதியற பையனைக் கூப்பிட்டேன். “ஏந் தம்பி, துணி இன்னும் தண்ணியே தொடலை, எங்க பேரன் டிவியில முடிஞ்சதா இருக்குதே?” பையன் சிரிச்சான். “செவப்புப் போட்டா உங்க கம்பெனியில இருந்து பத்துப் போனு வருதுங் தாத்தா. மறுநாளு டெபிட் நோட்டு வருது. பச்சை போட்டா ஒண்ணும் வர்றதில்லீங்”னான். அவன் மொகத்துல ஒரு கள்ளமும் இல்லை. மழைக்கு ஒதுங்கறவனாட்டம் அவன் பச்சையில ஒதுங்கிக்கறான்.

உன்ர முப்பது லட்சமோ நாப்பது லட்சமோ, அந்தப் பையனோட ஒரு வெரலுக்கு முன்னாடி என்ன ஆச்சு பாரு.

நான் கம்ப்யூட்டருக்கு எதிரின்னு நெனைச்சுக்காதே. என் காலத்து நோட்டுப் பெருமையைப் பேசப் போறதில்லை. நான் ஜாப் ஒர்க்குக்கு நிட்டிங் ஓட்டறப்ப கணக்கெல்லாம் நாப்பது பக்க நோட்டுல. ஒரு மழைக்காலத்துல அந்த நோட்டை எலி கடிச்சு, எட்டு ரோலு கணக்கு எலி வயித்துக்குள்ள போயிருச்சு. யாருக்குக் குடுத்தேன், யாரு குடுக்கணும் ஒண்ணும் வெளங்கலை. ரெண்டு வேற அகலத்து ரோலைக் கலந்து அனுப்பி, பாடிக்கு வெட்ட வேண்டிய துணியிலே கைக்கு வெட்டி, அத்தனையும் காதர்பேட்டையில செகண்ட்ஸ் வெலைக்குப் போச்சு. உன் சாப்ட்வேர் அப்ப இருந்திருந்தா அந்தக் கூத்து நடந்திருக்காது. ரோலுக்கு ரோலு ஸ்டிக்கர் ஒட்டி, எடை போட்டு, எந்த லாட்டு எந்த மெஷின்ல ஓடுச்சுன்னு சொல்லுதே, அது பெரிய வரம். எண்ணறதுக்கு அது கெட்டிக்காரன். நூறு கிலோ சாயத்துக்குப் போனா நூறு கிலோ திரும்பி வராதுன்னுகூட அதுக்கு இப்ப சொல்லிக் குடுத்திருக்கறீங்க. எதிராளி ஏன் பொய் சொல்றான்னு மட்டும் அதுக்குத் தெரியாது.

நம்ம ஊருத் தொழிலு எப்படிப்பட்டதுன்னு உனக்கு நான் சொல்லணுமா? 1925-ல மொதல் பனியன் கம்பெனி வந்த நாள்ல இருந்து, இது பல கை சேர்ந்து பண்ற வேலை. நூலு ஒருத்தர் கிட்ட, நிட்டிங் ஒருத்தர் கிட்ட, சாயம் ஒருத்தர், காம்பாக்டிங் ஒருத்தர், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையலு, காஜா பட்டன், செக்கிங், அயர்ன், அட்டைப்பெட்டி. ஒரு டி சர்ட்டு கப்பலேறறதுக்குள்ள மாரியம்மன் தேராட்டம் ஊரை ஒரு சுத்து சுத்தி வந்துருது. தேரை இழுக்கறவன் ஒவ்வொரு முக்குலயும் வேற வேற ஆளு. வடத்தை ஒருத்தன் விட்டாலும் தேரு நின்னுரும். நீ ஏசி ரூம்ல உக்காந்து தேரு எங்க வருதுன்னு டிவியில பார்த்தாப் போதுமா? வடம் பிடிக்கறவனுக்குத் தண்ணி குடுத்தியா?

நம்ம பக்கம் சேதிக்குத் ‘தாக்கல்’னு பேரு. ஊட்டுக்கு வர்றவங்களுக்கு ‘ஒறம்பரை’. உன் தங்கச்சி அம்மிணி கோயமுத்தூர்ல எம்.பி.ஏ. படிக்கறா இல்லையா, அவ புஸ்தகத்துல இதுக்கே இன்பர்மேசன் சிஸ்டம், பார்ட்னர் ரிலேசன்சிப்புன்னு தடித் தடியாத் தலைப்புப் போட்டு வெச்சிருக்கறான். ராத்திரிச் சோத்துக்கப்பறம் படிச்சுக் காட்டறா. கேக்கக் கேக்க எனக்குச் சிரிப்பா வருது. தாக்கல் எப்பவும் ஒறம்பரை இருக்கற ஊட்டுக்குத்தான் மொதல்ல வரும். எழவுச் சேதியா இருந்தாலும் சரி, கலியாணச் சேதியா இருந்தாலும் சரி.

அதுல ஒரு கதை இருக்குது. உனக்கு மட்டும் சொல்றேன், ஏன்னா உன் டிவியைப் பார்த்தா அதே ஞாபகந்தான் வருது.

என் சட்டைப் பையில இருக்குதே பட்டன் போனு, நோக்கியா, அவன் கதை. 2000-வது வருஷம் மார்ச் 17, வெள்ளிக்கெழமை ராத்திரி. அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலம், ஆல்புகர்க்கின்னு ஒரு ஊரு. அங்க பிலிப்ஸ்காரனுக்குச் சிப்பு பண்ற ஆலை. மின்னல் அடிச்சுக் கரண்டு முன்னப்பின்ன ஆகி ஒரு உலையில நெருப்புப் பிடிச்சுக்கிச்சு. பெரிய நெருப்பில்லை, பத்து நிமிசத்துல அணைச்சுட்டாங்க. நம்ம ஊருல குடோனுல தீப்பிடிச்சா வேடிக்கை பார்க்கற கூட்டம் கூடறதுக்கே அதுக்கு மேல ஆகும். ஆனா சிப்பு பண்ற எடம் ஆஸ்பத்திரி ஆபரேசன் ரூமைவிடச் சுத்தமா இருக்கணுமாம். பொகையும் தண்ணியும் பரவி, பல லட்சம் போனுக்குண்டான சரக்கு வீணாப் போச்சு.

அந்த ஆலையில இருந்து சிப்பு வாங்கற பெரிய ஒறம்பரை ரெண்டு பேரு. பின்லாந்து நோக்கியா, சுவீடன் எரிக்சன். ரெண்டு பேருக்கும் ஒரே தாக்கல்தான் போச்சு: சின்னத் தீ விபத்து, ஒரு வாரம் தாமதம் ஆகும். நல்லாக் கேட்டுக்க. அந்தத் தாக்கலைக் கேட்ட நோக்கியாக்காரன் என்ன பண்ணினான்? ‘ஒரு வாரந்தானே’ன்னு உக்காரலை. அந்தச் சிப்பைத் தனிக் கண்காணிப்புல போட்டுட்டு, தெனமும் பிலிப்ஸ்காரனுக்குப் போன் போட்டுப் பேசினான். எங்க ஆளை அனுப்பட்டுமா, ஒத்தாசை வேணுமான்னு கேட்டான். ரெண்டு வாரத்துல உண்மை தெரிஞ்சு போச்சு, இது வாரக் கணக்குல முடியாது, மாசக் கணக்குன்னு. தெரிஞ்ச நிமிசமே மேல இருக்கறவங்க எறங்கி, பிலிப்ஸோட வேற ஆலைகள்ல எடம் பிடிச்சாங்க. வேற கம்பெனிகள்லயும் சொல்லி வாங்கினாங்க. சில போனுக்கு டிசைனையே மாத்தினாங்க.

எரிக்சன்ல? தாக்கல் கீழ இருக்கறவன் மேசையிலயே தூங்குச்சு. பெரிய ஆளுங்களுக்குப் போயிச் சேரறதுக்கே வாரக் கணக்காச்சு. போனாலும் என்ன பிரயோசனம்? செலவைக் குறைக்கறோம்னு மாத்து சப்ளையரையெல்லாம் முன்னாடியே வெட்டி விட்டுட்டாங்க. ஒத்தைக் கெணத்தை நம்பிக் கரும்பு போட்ட கதை. அந்த வருஷம் 40 கோடி டாலர் வியாபாரம் கையை விட்டுப் போச்சுன்னு அவங்களே சொன்னாங்க. அடுத்த வருஷம் போன் தொழிலைச் சோனியோட கூட்டு சேர்த்து விட்டுட்டாங்க.

ரெண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் இருந்துச்சு. தாக்கலும் ஒரே வாக்கியந்தான். ஒருத்தன் அதைக் கேட்டான், ஒருத்தன் அதைப் பதிஞ்சான். நீ எந்தக் கட்சின்னு உன் சாயக்காரரைக் கேட்டாத் தெரியும். இந்த நோக்கியாவும் பொறகு படுத்துக்கிச்சு, நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஆலையை 2014-ல மூடினாங்க. யாரையும் சாமியாக்கக் கூடாதுங்கறதுக்கு இதையும் சொல்லி வெக்கறேன்.

மொகத்தைச் சுளிக்காதே. இப்ப உன் பொய்க்கு வர்றேன்.

ஆமாடா, உன் பொய்க்குத்தான். கப்பல் கட் ஆப் எப்போ? இருவதாந் தேதி. தையலுக்குத் துணி எப்போ வேணும்? பதினொண்ணாந் தேதி வந்தாப் போதும். சாயக்காரர் கிட்ட நீ எப்போ கேட்டே? ஏழாந் தேதி. ஏன்? “அவங்க எப்படியும் நாலு நாள் இழுப்பாங்க, அதனால முன்னாடியே சொல்லி வெச்சேனுங்.” நெம்பப் புத்தி. ஆனா அவரு அதைவிடப் புத்திசாலி. நீ ஏழுன்னா பதினொண்ணுன்னு அவருக்குத் தெரியும். அதனால பன்னெண்டாந் தேதிக்குப் போட்டுக்கறாரு. உன் மெர்ச்சண்டைசர் புள்ளை அனுப்பற மெயில்ல எல்லாத்துலயும் ‘அர்ஜென்ட்’. பொங்கலுக்கு அனுப்பின வாழ்த்துலகூட அர்ஜென்ட்னு இருந்துச்சுன்னு அவரு சொல்லிச் சிரிக்கறாரு. இந்த லட்சணத்துல உன் பொய்த் தேதியைத்தான் அந்த டிவியில ஏத்தியிருக்கறே. பொய்த் தேதியை வெச்சு, பொய்ப் பச்சையைக் காட்டி, அதுக்கு ஒரு ஏசி வேற.

துணியிலயும் இதே கூத்து. பையர் பத்தாயிரம் பீஸ் கேட்டா நீ பத்தாயிரத்து அஞ்சூறுக்குத் துணி சொல்றே. நிட்டிங்காரன் பத்தாது கித்தாதுன்னு ரெண்டு மூட்டை நூலு சேர்த்து வாங்கி வெக்கறான். மில்லுக்காரன் இந்த நம்பர் நூலு நல்லாப் போகுதேன்னு மெஷினை அதுக்கே திருப்பி விடறான். அடுத்த மாசம் பையர் ஆர்டரைப் பாதியாக்கினா, மில்லு வரைக்கும் அத்தனை பேரும் தலையில கை.

இதை அமெரிக்காக்காரன் கொழந்தைத் துணியில கண்டுபிடிச்சானாம். பாம்பர்ஸ்னு ஒண்ணு வருதே, பிராக்டர் அண்ட் கேம்பிள்காரன் பண்றது. கொழந்தைக ஊரு பூரா ஒரே சீராத்தானே மோளுது? தீவாளிக்கு ஜாஸ்தி, ஆடிக்குக் கம்மின்னா இருக்குது? அப்படி இருக்கறப்ப கடைக்காரன் ஆர்டர் ஏறி எறங்குது, மொத்த வியாபாரி ஆர்டர் அதைவிட ஏறி எறங்குது, கம்பெனி கச்சாப் பொருளுக்குப் போடற ஆர்டர் பேயாட்டம் ஆடுது. சாட்டைப் பிடியை அரை அடி அசைச்சா நுனி எட்டு அடி ஆடுது பாரு, அந்தக் கணக்கு. ஸ்டான்போர்டுல ஹாவ் லீன்னு ஒரு வாத்தியார் கூட்டாளிகளோட சேர்ந்து 1997-ல இதைப் பத்தி எழுதினாராம். மாட்டு வண்டி ஓட்டின எவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான், ஆனா கட்டுரை எழுதத் தெரியாது நமக்கு.

சரி, இதுக்கு அந்தப் பாம்பர்ஸ் கம்பெனி என்ன வைத்தியம் பண்ணுச்சு? 1987-ல அவங்க விற்பனைப் பெரிய ஆளு லூ பிரிட்செட்டும், வால்மார்ட் மொதலாளி சாம் வால்டனும் அர்க்கன்சாஸ்ல ஒரு ஆத்துல ஒண்ணாப் படகுல போனாங்களாம். நம்ம பவானிசாகர் பக்கம் பரிசல்ல போற மாதிரின்னு வெச்சுக்க. அதுவரைக்கும் ரெண்டு கம்பெனியும் வெலைக்குச் சண்டை போட்டே காலந் தள்ளினவங்க. அந்தப் படகுப் பேச்சுல இருந்து ஆரம்பிச்சு, எந்தக் கடையில இன்னிக்கு எத்தனை டப்பா வித்துச்சுங்கற கணக்கை வால்மார்ட் தெறந்து காட்டுச்சு, சரக்கை நிரப்பற பொறுப்பை இவங்க எடுத்துக்கிட்டாங்க. பாரு கண்ணு, வாங்கறவன்தான் மொதல்ல தன் கல்லாப் பெட்டியைத் தெறந்து காட்டினான். கம்ப்யூட்டர் கம்பி அதுக்கப்பறந்தான் வந்துச்சு. வால்மார்ட் ஒண்ணும் தர்மசத்திரம் இல்லை, வெலையில கழுத்தைப் பிடிக்கறதுல அவனை மிஞ்ச ஆளில்லைன்னு பேரு. ஆனாக் கணக்கை மறைக்கலை.

நீ என்ன பண்றே? சாயக்காரர் அடுப்படி வரைக்கும் எட்டிப் பார்க்கோணும்னு பாஸ்வேர்டு குடுத்திருக்கறே. உன் ஊட்டுத் திண்ணைக்குக்கூட அவரை விடறதில்லை. பையர் ஆர்டரை உறுதி பண்ணினானா, இழுக்கறானா, கலரை மாத்தப் போறானா, எதையாச்சும் அவருக்குச் சொல்றியா? கலர் சாம்பிளுக்கு இன்னும் ஓகே வரலை, ‘லேப் டிப் அப்ரூவல் பெண்டிங்’னு மூணு நாளா உன் கிட்டயே கெடந்த சேதி அவருக்குத் தெரியாது. அதனால உன் லாட்டைத் தள்ளி வெச்சுட்டு அடுத்தவனுதை மெஷின்ல போட்டுட்டாரு. தப்பு அவருதா?

இன்னொண்ணு, சாப்ட்வேரை எப்போ மாத்தினே? ஆர்டர் நெரிசல் கழுத்தைப் பிடிக்கறப்ப. அமெரிக்காவுல ஹெர்ஷீஸ்னு மிட்டாய்க் கம்பெனி, 1999-ல இப்படித்தான், அவங்க ஹாலோவீன் நோம்பிக்கு ஆர்டர் வர்ற சமயத்துல புது சிஸ்டத்தை ஒரே மூச்சுல முடுக்கி விட்டான். மிட்டாய் குடோனுல நெறைஞ்சு கெடக்குது, கடைக்குப் போக வழி தெரியாமக் கம்ப்யூட்டர் முழிக்குது. பல கொழந்தைகளுக்கு வேற கம்பெனி மிட்டாய்தான் கெடைச்சுது. நாத்து நடற அன்னிக்கு எவனாச்சும் கெணத்தைத் தூர் வாருவானா?

அட, எந்திரிக்காதே. இன்னும் ஒரு கதைதான். இது உனக்குப் பிடிக்கும், தையல் மெஷின் வருது.

1997 பிப்ரவரி ஒண்ணு, சனிக்கெழமை விடியக்காலம். ஜப்பான்ல காரியான்னு ஒரு ஊருல அய்சின் கம்பெனி ஆலை தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. டொயோட்டா காருக்கு பிரேக்குல வெக்கற ஒரு வால்வு. கைக்குள்ள அடங்கற சாமான். கிட்டத்தட்ட மொத்தமும் அந்த ஒரு ஆலையில இருந்துதான். டொயோட்டாக்காரன் சரக்கைத் தேக்கி வெக்கறதே பாவம்னு நெனைக்கறவன், கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான். ஒரு நாளைக்கு 14,000 காருக்கு மேல பண்ணிக்கிட்டு இருந்தவன், அந்தக் கைக்கடக்கமான சாமான் இல்லாம ஆலைகளை வரிசையா நிறுத்த வேண்டியதாப் போச்சு. அத்தனையும் ஒரே எடத்துல வாங்கினது அவன் தப்புத்தான், அதுல சந்தேகமே இல்லை.

அப்பறம் நடந்ததைப் பாரு. அய்சின்காரன் வால்வோட வரைபடத்தை ஒளிக்காம எல்லாத்துக்கும் குடுத்தான். வெலை பேசலை, ஒப்பந்தம் போடலை, எவன் எவ்வளவு தருவான்னு கேக்கலை. 200-க்குப் பக்கமாக் கம்பெனிக, வால்வே பண்ணாதவங்ககூட, கெடைச்ச மெஷின்ல கடைஞ்சு குடுத்தாங்க. அதுல ஒண்ணு யாரு தெரியுமா? பிரதர். உன் பவர் டேபிள்ல ஓடுதே, அதே தையல் மெஷின் பிரதர்தான். ஒரு மெஷினை மாத்தியமைக்கவே ஆளுங்க 500 மணி நேர வேலை பண்ணினாங்களாம், கெடைச்சது நாளைக்கு 40 வால்வு. நாப்பது! உன் கட்டத்துல போட்டா அவனுக்குச் செவப்புத்தான் விழும். ஆனா அந்த மாதிரி நாப்பது நாப்பதாச் சேர்ந்துதான் ஒரு வாரத்துக்குள்ள ஆலையெல்லாம் திரும்பி ஓடுச்சு. பொறகு டொயோட்டா சும்மா இருக்கலை. நேரடி சப்ளையர்களுக்கு ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் வித்த விற்பனையில நூத்துக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டு, மொத்தம் 1,500 கோடி யென்னுக்கு மேல குடுத்துச்சு. கேக்காமலே.

நாளைக்கு உன் கம்பெனியில தீப்பிடிச்சா உனக்கு எத்தனை பேரு துணி தைச்சுத் தருவாங்க? வேண்டாம், அபசகுனமாப் பேசலை. சும்மா எண்ணிப் பாரு, விரலு விட்டு.

நம்ம ஊருக்கும் ஒரு தீ வந்துச்சு, தண்ணி ரூபத்துல. 2011 ஜனவரி 28, சென்னை ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிருச்சு. எழுநூத்துக்கு மேல பட்டறை ஒரே சமயத்துல அடைச்சுது. நீ அப்ப காலேஜ். நான் பார்த்தேன். துணியை லாரியில ஏத்தி வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினாங்க. பழைய பழக்கம் வெச்சிருந்தவனுக்கு எங்கியாச்சும் ஒரு மூலையில மெஷின் கெடைச்சுது. காசை மட்டும் காட்டினவன் வரிசையில நின்னான். ஆனா அதைவிடப் பெருசா ஒண்ணு எனக்கு அன்னிக்குத்தான் வெளங்குச்சு. நூலு, நிட்டிங், சாயம், தையலுன்னு சங்கிலியில அத்தனை பேரையும் எழுதினோம், சாயத் தண்ணி போயிச் சேர்ந்த நொய்யலாத்தை எவனும் எழுதலை. கீழ ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணியில காட்டை இழந்த குடியானவன் வருஷக் கணக்கா தாக்கல் சொல்லி அனுப்பிக்கிட்டேதான் இருந்தான். அவனுக்கு நம்ம கிட்டக் கட்டம் இல்லை. கடைசியில அவன் கோர்ட்டு வழியாச் சொன்னான், அது கேட்டுச்சு. இப்ப பொட்டுத் தண்ணி வெளிய விடக்கூடாதுன்னு சுத்திகரிப்பு நடக்குது, அந்தச் செலவு உன் சாயக் கூலியில ஏறி நிக்குது. கூலி ஏறுச்சுன்னு சாயக்காரர் கிட்டச் சண்டை போட்டியே, அந்தக் கூலிக்குள்ள ஒரு ஆறு ஓடுது.

கடைசியா உன் டிவியில எனக்கு ஒரே ஒரு கட்டந்தான் காணலை. சாயக்காரர் எத்தனை மணி நேரம் தாமதம்னு காட்டுது. எம்பிராய்டரிக்காரன் எத்தனை பீஸ் பாக்கின்னு காட்டுது. நீ அவங்களுக்கு எத்தனை நாள் பணம் பாக்கின்னு காட்டற கட்டம் எங்க? அந்தப் பச்சை, மஞ்சள், செவப்பை எவன் கிட்ட மறைச்சு வெச்சிருக்கறே?

உன் ஆடிட்டரு சொல்லியிருப்பாரே, வருமான வரிச் சட்டத்துல 43பி எச்சுன்னு ஒண்ணு, 2024 ஏப்ரல் ஒண்ணாந் தேதியில இருந்து நடைமுறைக்கு வந்துச்சுன்னு. குறுந் தொழிலு, சிறு தொழிலு பண்றவங்களுக்கு எழுதின ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாளு, இல்லாட்டி 15 நாளு, அதுக்குள்ள பணம் குடுக்கலைன்னா, குடுக்கற வருஷம் வரைக்கும் அதைச் செலவாக் கழிக்க முடியாது. டில்லியில உக்காந்து இதுக்கு ஒரு சட்டம் போட வேண்டியிருக்குது பாரு, நம்ம யோக்கியதை அப்படி. மார்ச்சு வந்தா நீ ஓடி ஓடிச் செக்குப் போடறே, ஏப்ரல்ல மறுபடியும் மறந்துடறே.

உனக்கும் கஷ்டம் இருக்குது, இல்லைங்கலை. வெளிநாட்டுக்காரன் உன்னைத் தொண்ணூறு நாளு காக்க வெக்கறான், அதுலயும் டிஸ்கவுண்டு கேக்கறான். அதைச் சாயக்காரர் கிட்டப் போயிச் சொல்லேன். “அண்ணா, அவன் இன்னும் அனுப்பலைங், இத்தனாந் தேதி வருது, அதுல இத்தனை உங்களுக்கு”ன்னு சொன்னா அவரு என்ன உன்னைக் கடிச்சா வெக்கறாரு? அவரும் மில்லுக்காரன், கெமிக்கல்காரன்னு நாலு பேருக்குப் பதில் சொல்லணுமில்ல? போனை எடுக்காம இருக்கறதுதான் அவருக்குக் கடுப்பு. நீ போனை எடுக்காட்டி, அவரு பையன் பச்சையை அமுத்தறான். ரெண்டும் ஒரே வேலைதான்.

ஞாயித்துக்கெழமை சாயக்காரர் பேத்திக்குக் காதுகுத்து, கொடுமுடியில. பத்திரிகை உன் மேசைக்கு வந்து மூணு வாரமாச்சு. அது மேலதான் நீ மவுஸை வெச்சு உருட்டிக்கிட்டு இருக்கறே, நான் பார்த்தேன். காலையில ஆறு மணிக்கு வாசல்ல நிப்பேன், காரை எடுத்துட்டு வா. லேப்டாப்பு வேண்டாம். செக்கு புஸ்தகத்தை எடுத்துக்க, அவரு பில்லு தொண்ணூத்தேழு நாளாச்சு.